கடிக்கிற கிளியைக் கைக்குப் பழக்குவது

எங்கள் வீட்டுக் கிளியின் பெயர் மிளகா. பச்சை மிளகாயை ஒரு காலில் பிடித்துக்கொண்டு, தோலைக் கிழித்து, விதையை மட்டும் நோண்டித் தின்பான். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைப்பதில்லை. இவன் கான்யூர் என்கிற வெளிநாட்டு இனம்; இந்த இனத்தில் ஆணா பெண்ணா என்பது டி.என்.ஏ. சோதனை செய்தால்தான் தெரியும். நாங்கள் செய்யவில்லை, 'அவன்' என்றே பழகிவிட்டது.

வந்த ஒன்பதாம் நாள் என் வலது ஆள்காட்டி விரலை நகத்தை ஒட்டிக் கடித்தான். பிறை வடிவில் சதை திறந்துகொண்டது. எழுபது கிராம் எடைகூட இல்லாத பறவை. குழாயடியில் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வலியைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. நான் என்ன செய்துவிட்டேன் இவனுக்கு?

"நல்லா டேம் ஆன பேர்டு சார், கையிலயே நிக்கும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது பொய்யில்லை. கடையில் என் கையில் அசையாமல் நின்றான். இரண்டு சிறகிலும் பறக்கும் இறகுகளை வெட்டியிருந்தார்கள் என்பதை வீட்டுக்கு வந்து பார்த்தேன். வேறு எங்கே போவான், கையில்தான் நிற்பான்.

இனி எழுதுவது அந்த ஒன்பதாம் நாளில் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை.

முதலில், எந்தக் கிளி

நான் பேசுவது காக்கடீல், பட்ஜி, லவ்பேர்ட்ஸ், கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரியான வெளிநாட்டு இனங்களைப் பற்றி. மிளகா பச்சைக்கன்னக் கான்யூர். அதிலும் 'பைனாப்பிள்' என்று கடைகளில் சொல்கிற நிறவகை. இதன் பூர்வீகம் தென் அமெரிக்காவில் பொலிவியா, பிரேசில் பக்கத்துக் காடுகள்.

நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எங்கள் தாத்தா வீட்டில் இருந்ததே, ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே என்று சொல்வதெல்லாம் எடுபடாது. வெளிநாட்டு இனங்களிலும் கான்யூர், மக்காவ், சாம்பல் கிளி போன்றவை சைட்டிஸ் எனப்படும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பவை. அவற்றை வாங்கினால் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜியும் காக்கடீலும் அந்தப் பட்டியலில் இல்லை. வாங்கும்போதே ரசீது கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கொத்தும் கடி இல்லை

புதிதாகக் கிளி வளர்க்கிறவர்கள் செய்கிற முதல் தப்பு இதுதான், நானும் செய்தேன். கிளிக்கு அலகு என்பது மூன்றாவது கால். கூண்டுக் கம்பியில் ஏறும்போது பாருங்கள்: முதலில் அலகால் மேல் கம்பியைப் பிடிக்கும், தாங்குமா என்று பார்க்கும், அப்புறம்தான் காலை எடுத்து வைக்கும். உங்கள் விரலை நீட்டினாலும் அதையேதான் செய்யும். வாயைத் திறந்துகொண்டு விரலை நோக்கிக் குனியும்.

நாம் என்ன செய்வோம்? கடிக்க வருகிறது என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். கிளியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். கால் வைக்கப் போன கிளை திடீரென்று காணாமல் போகிறது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால், அடுத்த முறை நழுவவிடக் கூடாது என்று இறுக்கிப் பிடிக்கும். அதைத்தான் நாம் கடி என்கிறோம். சும்மா தொட்டுப் பார்க்க வந்த கிளியைக் கடிக்கிற கிளியாக மாற்றியது நம் கைதான்.

சோதித்துப் பார்க்கிற அலகு மெதுவாக வரும். நாக்கு படும், ஈரமில்லாத ரப்பர்த் துண்டு மாதிரி இருக்கும். உடம்பு தளர்வாக இருக்கும். நிஜக் கடி வேகமாக வரும், வந்த இடத்தில் அழுத்தும், சில சமயம் திருகும். அந்த வித்தியாசம் பிடிபட இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை கையை நீட்டினால் அசைக்காமல் வைத்திருங்கள். அசைக்காமல் வைக்கத் தைரியம் இல்லாத நாளில் நீட்டாதீர்கள்.

கடிக்கு முன்னால் வருவது

கிளி திடீரென்று கடித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மகள் செல்போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். நான் கையைக் கொண்டுபோகிறேன். மிளகா கடலையைக் கொறிப்பதை நிறுத்துகிறான். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, ஆள் பாதியாக மெலிந்து தெரிகிறான். தலையைப் பின்னுக்கு இழுக்கிறான். குச்சியில் ஒரு அடி பக்கவாட்டில் நகர்கிறான். நான் கையை இன்னும் பக்கத்தில் கொண்டுபோகிறேன். மறுபடி ஒரு அடி நகர்கிறான், குச்சி முடிந்துவிடுகிறது. அலகு லேசாகத் திறக்கிறது. நான் "வாடா, வாடா" என்று கொஞ்சிக்கொண்டே இருக்கிறேன். அப்புறம்தான் கடி. ஐந்து தடவை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத்தான் கடித்திருக்கிறான். மொத்தம் நான்கு விநாடி.

இது பயத்தில் வருகிற கடி. இதற்கு மருந்து தூரம். முதல் அறிகுறியிலேயே, அதாவது தின்பதை நிறுத்தி உறைந்து நிற்கும்போதே, கையைப் பின்னால் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது வகை, இடத்துக்கான சண்டை. கூண்டு வாசலில் நின்று பின்கழுத்து இறகைச் சிலிர்த்து, வாலை விசிறி மாதிரி விரித்து, ஓடி வந்து கடிக்கும். உங்கள் படுக்கையறைக்குள் ஒரு ராட்சதக் கை நுழைந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கூண்டுக்குள் கைவிட்டுக் கிளியை எடுக்கவே எடுக்காதீர்கள். கதவைத் திறந்துவிட்டு, அதுவாக வெளியே வந்து மேலே உட்கார்ந்த பிறகு பழகுங்கள். தீனிக் கிண்ணம் மாற்றுவது, தட்டுக் கழுவுவது எல்லாம் அது வெளியே இருக்கும்போது.

மூன்றாவது, குதூகலம் தலைக்கேறிக் கடிப்பது. கான்யூர்களுக்கு இது நிறைய உண்டு. விளையாடிக்கொண்டே இருக்கும், சத்தம் கூடும், சட்டைப் பொத்தானை இழுக்கும், அடுத்த நிமிடம் கழுத்தைக் கவ்வும். சிறு பிள்ளைகள் தூக்கம் வரும் நேரத்தில் ஆட்டம் போடுவது மாதிரி. உச்சத்துக்குப் போகுமுன் ஆட்டத்தை நிறுத்தி, கடிக்க ஒரு மரத்துண்டோ தென்னை நாரோ கொடுத்துவிட வேண்டும்.

கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிவதைப் பார்க்கச் சொல்வார்கள். கண் வெளிர்நிறமாக உள்ள சாம்பல் கிளி, வளர்ந்த பட்ஜி போன்றவற்றில் அது நன்றாகத் தெரியும். மிளகா மாதிரி கருங்கண் கிளியில் கண்ணை நம்பினால் விரல் போகும். இறகையும் காலையும் பாருங்கள். காக்கடீல் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம், கொண்டையே சொல்லிவிடும்: தலையோடு ஒட்டப் படிந்து, வாயும் திறந்து சீறினால் கிட்டே போகாதீர்கள். செங்குத்தாக நின்றால் எதையோ கண்டு திடுக்கிட்டிருக்கிறது. பாதி சாய்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது.

நிம்மதிக்கும் அறிகுறிகள் உண்டு. ஒற்றைக் காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொள்வது, உங்கள் முன்னால் இறகு கோதுவது, தூங்கப் போகுமுன் அலகை நறநறவென்று அரைப்பது. பல் கடிக்கிற மாதிரிக் கேட்கும் அந்தச் சத்தத்துக்கு முதல் நாள் நான் பயந்துவிட்டேன். அது கோபமில்லை, கண்ணயரப் போகிறான்.

முதல் இரண்டு வாரம்: சும்மா இருங்கள்

கூண்டை ஒரு பக்கமாவது சுவரோடு ஒட்டி, உங்கள் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். நாலு பக்கமும் திறந்திருந்தால் கிளிக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது. தரையில் வைத்தால் எல்லாமே தலைக்கு மேலிருந்து வரும்; மேலிருந்து வருவது கிளிக்குப் பருந்து. அதனால்தான் கையையும் மேலிருந்து கொண்டுபோகக் கூடாது, எப்போதும் பக்கவாட்டில், அதன் கண்ணில் படும்படி.

வீட்டில் முதலில் நம்பிக்கை சம்பாதித்தது நானில்லை, என் அம்மா. அவருக்குக் கிளி வாங்கியதில் உடன்பாடே கிடையாது. தினமும் காலை பத்து மணிக்குக் கூண்டுக்கு ஓர் எட்டு தள்ளி முறத்தோடு உட்கார்ந்து கீரை ஆய்வார். அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முருங்கைக்கீரை ஆய்ந்தால் ஒரு கொத்தைக் கம்பியில் செருகிவிட்டு மறுபடி தன் வேலையைப் பார்ப்பார். இரண்டாம் வாரக் கடைசியில், அவர் முறத்தை எடுத்துக்கொண்டு வந்தாலே மிளகா கூண்டின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து வந்து காத்திருக்க ஆரம்பித்தான். நான் வந்தால் எதிர் ஓரம்.

அம்மா செய்ததைத்தான் முறையாகச் செய்ய வேண்டும். தினமும் இரண்டு வேளை, கால் மணி நேரம், கூண்டுக்குப் பக்கத்தில் ஏதாவது வேலையோடு உட்காருங்கள். நேருக்கு நேர் முறைக்காதீர்கள். இரண்டு கண்ணும் முன்பக்கம் இருந்து உற்றுப் பார்க்கிற பிராணி எதுவும் கிளிக்கு வேட்டைக்காரன்தான். மெதுவாகப் பேசுங்கள், படியுங்கள். எழுந்து போகும்போது கிண்ணத்தில் ஒரு நல்ல தீனியைப் போட்டுவிட்டுப் போங்கள். கை உள்ளே போகிறது, விதை விழுகிறது, கை போய்விடுகிறது. அவ்வளவுதான்.

விதை

எந்தத் தீனி அதற்கு உயிர் என்று கண்டுபிடிக்க வேண்டும். கிண்ணத்தில் ஐந்தாறு வகை போட்டு, எதை முதலில் எடுக்கிறது என்று மூன்று நாள் பாருங்கள். பெரும்பாலும் சூரியகாந்தி விதையாக இருக்கும். மிளகாவுக்கு உப்பில்லாத வறுத்த வேர்க்கடலைத் துணுக்கு. அதைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இனி அது உங்கள் கையிலிருந்து மட்டும்தான் கிடைக்கும். கவனம், நிறுத்துவது அந்த ஒரு பண்டத்தை மட்டும். பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை மட்டுமில்லை, இத்தனை சிறிய பறவைக்கு ஆபத்தும்கூட. வழக்கமான சாப்பாடு எப்போதும் போலக் கிடைக்க வேண்டும்: பெல்லட் (கடையில் விற்கும் குருணைத் தீவனம்), கொஞ்சம் தினை, கேரட், கொத்தமல்லி, கொய்யா. வெறும் விதையிலேயே வளர்ந்தால் கொழுப்பு கூடி ஈரல் கெடும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை வேண்டவே வேண்டாம்.

முதலில் கம்பி வழியாகக் கொடுங்கள். விரல் நுனிக்குப் பயந்தால் நீளமான கரண்டியில் வைத்து நீட்டுங்கள். கிளி கழுத்தை நீட்டி எடுக்க வேண்டிய தூரத்தில் நிறுத்துங்கள். மீதித் தூரத்தை அது வர வேண்டும். வரவில்லை என்றால் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். கோபப்பட ஒன்றுமில்லை. ஒரு நாள் முன்னேறி, மறுநாள் பின்வாங்குவது சாதாரணம்.

குச்சி

இந்தப் பகுதியை மட்டும் ஒழுங்காகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது என் அனுபவம். நூடுல்ஸ் பார்சலோடு வரும் மூங்கில் குச்சி ஒன்று போதும். குச்சியின் நுனியைக் கிளி அலகால் தொட வேண்டும், தொட்டால் விதை. விளையாட்டு இவ்வளவே.

குச்சியைக் கம்பிக்கு வெளியே காட்டுங்கள். கிளிக்கு ஆர்வக்கோளாறு அதிகம், எப்படியும் வந்து தொட்டுப் பார்க்கும். தொட்ட அந்தக் கணத்தில் ஒரே ஒரு குறிச்சொல். நான் "சபாஷ்" என்று சொல்ல ஆரம்பித்து, அது நீளமாக இருந்ததால் "சரி!" என்று மாற்றிக்கொண்டேன். அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் போடும் கிளிக்கர் என்ற சின்னக் கருவியை வாங்கியும் செய்யலாம். சொல்லிவிட்டு உடனே விதை. சொல் முன்னால், விதை பின்னால். இரண்டுக்கும் நடுவில் ஒரு விநாடிக்கு மேல் போகக் கூடாது. பத்துத் தடவைக்குள் பெரும்பாலான கிளிகளுக்கு விஷயம் புரிந்துவிடும். புரிகிற நேரம் முகத்திலேயே தெரியும்: குச்சியைத் தொட்டுவிட்டு, உங்களைத் திரும்பிப் பார்க்கும், எங்கே விதை என்று.

அதற்கு அப்புறம் குச்சியைக் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கள், இரண்டு அடி நடந்து வரட்டும். வலது, இடது, மேலே, கூண்டு வாசல், வாசலுக்கு வெளியே. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். கிளி இன்னும் கேட்கும்போதே நிறுத்துங்கள். நான் ஆசைப்பட்டு இருபது நிமிடம் இழுத்த நாட்களில் எல்லாம் கடைசியில் குச்சியைக் கடித்து நொறுக்கிவிட்டுப் போனான். நியாயம்தான்.

இதில் என்ன பெரிய லாபம் என்றால், தொடாமலேயே கிளியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்த முடிகிறது. சோபாவின் பின்னால் போய்விட்டதா, குச்சியைக் காட்டு. கூண்டுக்குள் போக வேண்டுமா, குச்சியை உள்ளே காட்டு. துரத்திப் பிடிப்பது, துண்டைப் போட்டு அமுக்குவது, இருட்டாக்கிப் பிடிப்பது எல்லாம் தேவையில்லாமல் போகும். ஒரு தடவை துண்டு போட்டுப் பிடித்தால் ஒரு மாதச் சேமிப்பு காலி.

கையில் ஏறுவது

கடைக்காரர்கள் ஒரு வித்தை சொல்லித் தருவார்கள்: வயிற்றின் கீழே விரலை வைத்து அழுத்து, ஏறிவிடும். ஏறும், உண்மைதான். தள்ளினால் நிலை தடுமாறும், ஏறாமல் என்ன செய்யும்? ஆனால் அது சம்மதமில்லை. அப்படி ஏறிய கிளிதான் கையில் நின்றுகொண்டே கடிக்கிறது.

மாற்று வழி மெதுவானது. மேசை மேல் கையைத் தட்டையாக வைத்துவிடுங்கள். கைக்கு அந்தப் பக்கம் குச்சியைக் காட்டுங்கள். தொடுவதற்குக் கிளி கழுத்தை நீட்டும். நீட்டியதற்கே விதை கொடுங்கள். அடுத்து, ஒரு கால் கையில் பட்டால்தான் எட்டும் என்கிற மாதிரிக் காட்டுங்கள். ஒரு கால் வைத்தால் "சரி!", விதை, குச்சியை எடுத்துவிடுங்கள், அது இறங்கிப் போகட்டும். இரண்டு காலும் வைக்க ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். ஏறியவுடன் கையைத் தூக்கிவிடாதீர்கள்! நான் தூக்கினேன், சந்தோஷத்தில். அன்றைய கடியின் வடு இன்னும் இருக்கிறது. முதலில் ஓர் அங்குலம் மட்டும் உயர்த்தி, மறுபடி மேசையில் வைத்துவிடுங்கள்.

நடுவில் கிளி பின்வாங்கினால், தலையை இழுத்தால், உறைந்தால், கையை எடுத்துவிடுங்கள், கடி வருமுன். "அப்படியானால் கிளி என்னை ஆட்டிவைக்காதா?" என்று என் மைத்துனன் கேட்டான். நேர் எதிராகத்தான் நடந்தது. தலையைத் திருப்பினாலே கை போய்விடுகிறது என்று தெரிந்தபின் மிளகாவுக்குக் கடிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. 'வேண்டாம்' என்பதை மெதுவாகச் சொன்னாலே நடக்கிறது, எதற்குக் கத்த வேண்டும்? இரண்டு மாதத்தில் அவன் 'வேண்டாம்' சொல்வதே குறைந்தது.

சிறகு வெட்டுவதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. என்னுடையது: பயந்த கிளிக்குச் சிறகும் இல்லாவிட்டால் மிச்சமிருப்பது அலகுதான். வெட்டிய இறகு அடுத்த இறகு உதிர்வில் விழுந்து புதிது முளைக்கும். மிளகாவுக்கு முளைத்த பிறகு, பிடிக்காவிட்டால் திரைச்சீலைக் கம்பிக்குப் பறந்துவிடுவான், முடிந்தது கதை. ஆனால் பறக்கிற கிளி இருக்கும் வீட்டில் சீலிங் ஃபேன் எமன். கூண்டுக் கதவைத் திறக்குமுன் ஃபேன் நிற்க வேண்டும், ஜன்னல் சாத்த வேண்டும், அடுப்பு அணைந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃபேன் சுவிட்சில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நான்-ஸ்டிக் சட்டி காய்ந்து சூடானால் வரும் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்திச் சுருளும் சாம்பிராணியும் கிளி இருக்கும் அறையில் வேண்டாம்.

கடித்துவிட்டால்

கத்தாதீர்கள். சொல்வது சுலபம், தெரியும். ஆனால் சில கிளிகளுக்கு நம் அலறல் பெரிய வேடிக்கை. மறுபடி கேட்க வேண்டும் என்பதற்காகவே கடிக்கும். என் "ஐயோ"வுக்கு மிளகா தலையை மேலும் கீழும் ஆட்டி ரசித்திருக்கிறான். கையை உதறாதீர்கள். அலகில் தட்டுவது, முகத்தில் ஊதுவது, கூண்டுக்குள் தள்ளித் தண்டிப்பது எதுவும் வேண்டாம். கிளிக்குத் தண்டனை புரியாது. நீங்கள் ஆபத்தானவர் என்பது மட்டும் புரியும். பக்கத்தில் உள்ள மேசையிலோ நாற்காலி முதுகிலோ கையைத் தாழ்த்தி இறக்கிவிட்டு, திரும்பி நின்று ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள்.

காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். எல்லோரும் கேட்கும் கேள்வி, நாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்பது. ரேபிஸ் பாலூட்டிகளின் நோய், கிளிக்கடியால் வருவதில்லை. டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ, மறுநாள் வீங்கிச் சிவந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். நேரம், இடம், கடிக்கு முன் நான் என்ன செய்தேன். நான் ஒரு மாதம் எழுதினேன். பதினான்கு கடி. அதில் ஒன்பது இரவு ஏழு மணிக்கு மேல். கூண்டு ஹாலில் இருந்தது, எங்கள் வீட்டில் டிவி பதினொன்று வரை ஓடும், காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் சத்தம். கிளிக்கு இருட்டில் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும்; இவன் ஆறரை மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளறையில் ஒரு சின்னத் தூக்கக் கூண்டு வைத்து ஏழரைக்கே படுக்கவைக்க ஆரம்பித்தோம். அடுத்த மாத நோட்டில் நான்கு வரிதான் இருந்தது.

திடீரென்று குணம் மாறினால்

நன்றாகப் பழகிய கிளி ஒரு வயதை ஒட்டிக் கடிக்க ஆரம்பித்தால் பருவம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையையும் கழுத்தையும் மட்டும் தடவுங்கள். முதுகு, இறக்கைக்கு அடி, வால் பக்கம் தடவினால் கிளி அதை இணை சேரும் அழைப்பாக எடுத்துக்கொள்ளும். நாம் பாசம் என்று நினைத்துச் செய்து, அப்புறம் ஏன் வெறிபிடித்த மாதிரி இருக்கிறது என்று கேட்போம். அட்டைப்பெட்டி, அலமாரி அடி, சோபா இடுக்கு எல்லாம் அதற்குக் கூடு, நுழையவிடாதீர்கள்.

இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் தலையில் முள் மாதிரிக் குருத்திறகுகள் இருக்கும். தப்பான பக்கம் தடவினால் வலிக்கும், கடிக்கும். அந்த வாரங்களில் தொடாமல் குச்சி விளையாட்டு மட்டும்.

இரண்டும் இல்லை என்றால் உடம்பு சரியில்லையோ என்று பாருங்கள். பறவைகள் நோயை மறைக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எங்களுடையது வழக்கமாக 68 கிராம். பத்து சதவீதம் குறைந்தால் காத்திருக்காதீர்கள். நாய், பூனை மட்டும் பார்க்கிற டாக்டராக இல்லாமல் பறவை பார்க்கிறவரை முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தோள், தோடு, விருந்தாளி

தோளில் உட்காரவைக்க எல்லோருக்கும் ஆசை. கிளியின் முகம் உங்களுக்குத் தெரியாத இடம் அது; அறிகுறி எதையும் பார்க்க முடியாது, பக்கத்திலேயே காதும் கண்ணும். கையில் மூன்று மாதம் கடிக்காமல் இருந்தபின் யோசியுங்கள். ஜிமிக்கி போட்டுக்கொண்டு வேண்டவே வேண்டாம். என் மனைவி ஒரு கம்மலின் கல்லை இழந்திருக்கிறாள்.

சில கிளிகள் ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு மற்றவர்களைக் கடிக்கும். அப்போது அந்தப் பிரியமானவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். நல்ல தீனி மற்றவர் கையிலிருந்து வர வேண்டும். எங்கள் வீட்டில் கடலைத் துணுக்கு டப்பா இப்போது என் மகள் வசம்.

எத்தனை நாளாகும் என்று கேட்டால், மிளகா என் கையில் தானாக ஏறியது நான்காம் மாதம். பல கை மாறி வந்த கிளி என்றால் ஒரு வருடம்கூட ஆகலாம். கடிக்கவே கடிக்காத கிளி வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் தினமும் புதிதாக இலையால் செய்து வைக்கிற கிளிதான். அதற்கு அலகு மாதுளம்பூ.

போன பொங்கலுக்கு ஊரிலிருந்து மாமா வந்திருந்தார். வந்ததும் கூண்டுக் கம்பிக்குள் விரலை விடப் போனார். "மாமா, கையைப் பின்னால கட்டிக்கோங்க" என்றேன். முறைத்தார். ஒரு நாற்காலி போட்டுக் கூண்டுக்கு ஓர் எட்டு தள்ளி உட்காரவைத்து, கையில் நீளக் கரண்டியும் அதில் ஒரு கடலைத் துணுக்கும் கொடுத்தேன். நீட்டிக்கொண்டு அப்படியே இருக்க வேண்டும், 'கிளியே, கிளியே' என்று கூப்பிடக் கூடாது. மிளகா முதலில் இறகை ஒட்டிக்கொண்டு ஒல்லியானான். கொஞ்ச நேரம் கழித்து உடம்பைச் சிலுப்பினான். உட்காரும் குச்சியில் மூன்று அடி நகர்ந்து வந்து, கழுத்தை நீட்டி, கடலையை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டான்.

"இவ்வளவுதானா?" என்றார் மாமா.

"இன்னைக்கு இவ்வளவுதான் மாமா" என்றேன்.